மைனரா, மின்க்ஸா, வான்கார்டா? போருக்குப் பிந்தைய குடும்பக் காரைப் பார்த்து வாங்கும் முறை

இரண்டாம் உலகப்போர் முடிந்ததிலிருந்து 1960 வரை பிரிட்டனில் செய்த குடும்ப சலூன் கார் ஒன்றை வாங்கப் போகிறவர் வழக்கமாகச் செய்யும் முதல் வேலை பானெட்டைத் தூக்குவது. எஞ்சின் எப்படி ஓடுகிறது, புகைகிறதா, சத்தம் வருகிறதா என்று அரைமணி நேரம் போகும். பிறகு சீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு விலை பேசிவிடுவார். வரிசையே தலைகீழ். மோரிஸ் மைனரின் எஞ்சினைக் கழற்றிப் புதுப்பிப்பது தெரிந்த செலவு. சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் மாற்றி, பேரிங் போட்டு வாங்கிவிடலாம். அதே காரின் அடித்தகடு போயிருந்தால் எவ்வளவு ஆகும் என்று எந்த டிங்கரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார். வெட்ட வெட்டத்தான் தெரியும். அதனால் இங்கே எஞ்சின் கடைசியில்தான் வரும்.

வரியும் பெட்ரோலும் செய்த எஞ்சின்கள்

எந்த மாடல் என்று முடிவு செய்யுமுன், இந்தக் கார்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1940-களின் நடுப்பகுதி வரை பிரிட்டனில் காருக்கான ஆண்டு வரி குதிரைத்திறனைப் பொறுத்தது. அந்தத் திறனை எஞ்சினை ஓட்டி அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுத்தார்கள். பிஸ்டன் எவ்வளவு தூரம் மேலும் கீழும் போகிறது என்பது, அதாவது அதன் ஓட்டம், கணக்கிலேயே இல்லை. கம்பெனிகள் சும்மா இருக்குமா? விட்டத்தைக் குறைத்து ஓட்டத்தை நீட்டிவிட்டன. 1948-இல் வந்த முதல் மோரிஸ் மைனரின் 918 சிசி எஞ்சினில் விட்டம் 57 மி.மீ., ஓட்டம் 90 மி.மீ. ஹில்மேன் மின்க்ஸின் 1185 சிசி எஞ்சினில் 63-க்கு 95. புதிய கார்களுக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு என்ற ஒரே வரி 1948 ஜனவரியில் வந்தபின், புதிதாக வரைந்த எஞ்சின்கள் அகலமாயின. 1950-இல் வந்த ஃபோர்டு கான்சலில் விட்டம் 79 மி.மீ., ஓட்டம் 76. 1954-இன் புதிய மின்க்ஸில் இரண்டுமே 76.2.

நீண்ட ஓட்டமுள்ள எஞ்சின் குறைந்த வேகத்தில் பலசாலி. டாப் கியரிலேயே நகரத்து நெரிசலில் ஊர்ந்து, கியர் குறைக்காமல் மறுபடி இழுக்கும். ஆனால் நால்வழிச் சாலையில் மணிக்கணக்காக 90 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் பிஸ்டனும், பிஸ்டன் கம்பியைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் பெரிய முனை பேரிங்கும் தாங்காது. வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும் சைடு வால்வு எஞ்சின்களுக்கு மணிக்கு 70 கி.மீ. என்று மனதில் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். வாரம்தோறும் நெடுஞ்சாலையில் ஊருக்குப் போகிற குடும்பம் என்றால் வால்வு மேலே இருக்கும் ஓவர்ஹெட் வால்வு எஞ்சினைத் தவிர வேறு எதையும் பார்க்க வேண்டாம்.

அடுத்தது பெட்ரோல். பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு 1950 மே மாதம்தான் நின்றது. அதன் பிறகும் 1953 வரை எல்லாக் கம்பெனிச் சரக்கையும் ஒன்றாகக் கலந்த, ஆக்டேன் (தட்டாமல் எரியும் திறனின் அளவு) 70-ஐ ஒட்டிய மட்டமான ‘பூல்’ பெட்ரோல்தான் கிடைத்தது. அதற்கேற்ப எஞ்சின்களின் அழுத்த விகிதத்தை, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பதை, 7-க்கு 1 என்பதை ஒட்டியே வைத்தார்கள். இன்றைய சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் இவற்றுக்குத் தாராளம். விலைகூடிய பெட்ரோல் போடுவதால் இழுவை அதிகமாகாது. 1990-களில் பெட்ரோல் தடையிருந்த யாழ்ப்பாணத்தில் மைனரும் ஆஸ்டினும் துளி பெட்ரோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதற்கும் இந்தக் குறைந்த அழுத்தம் ஒரு காரணம். நவீன எஞ்சின் ஒன்றில் அதைச் செய்தால் தட்டியே செத்துவிடும்.

உருக்கும் பங்கீட்டில்தான் கிடைத்தது. ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்கே அதிகம். அதனால் அந்தக் காலத்துக் கார்களில் பெரும்பங்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இலங்கை என்று கப்பலேறியது. இன்று வாங்குகிறவருக்கு இது நல்ல செய்தி. குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் பிரிட்டனில் வாழ்ந்த காரைவிட, வறண்ட உள்நாட்டில் வாழ்ந்த காரின் அடிப்பகுதி பல மடங்கு திடமாக இருக்கும். கடலோரத்தில் நின்ற கார் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. உப்புக்காற்று உள்ளிருந்து தின்னும்.

வீட்டில் எத்தனை பேர்?

மைனரின் பின்சீட்டில் இரண்டு பெரியவர்கள் உட்காரலாம். நடுவில் ஒரு சிறு பிள்ளையைச் செருகலாம், அவ்வளவுதான். டிக்கியில் இரண்டு சூட்கேஸ் போகும். தாத்தா, பாட்டியோடு போகிற குடும்பம் என்றால் இரண்டு கதவு மாடலைத் தொடவே தொடாதீர்கள். முன்சீட்டை மடித்துப் பின்னால் ஏறுவது முழங்கால் வலிக்காரருக்கு ஆகாது. மைனரில் நான்கு கதவு 1950-இல்தான் வந்தது.

மின்க்ஸ், ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு ஆகியவை நாலு பெரியவர்களுக்குத் தாராளம். ஐந்தாமவரும் முகம் சுளிக்க மாட்டார். ஸ்டாண்டர்டு கம்பெனியின் வான்கார்டு, ஃபோர்டு கான்சல், ஆஸ்டின் சாமர்செட் போன்றவற்றில் கியர் கம்பி ஸ்டியரிங் தண்டோடு இருப்பதால் முன்னாலும் பெஞ்சு சீட்டு போட முடிந்தது. ஆறு பேர் என்று விளம்பரம் செய்தார்கள். ஆறு பேர் ஏறலாம்தான், ஆனால் பிரேக் ஆறு பேருக்கானது அல்ல. அந்தக் கியர் கம்பிக்கும் ஒரு விலை உண்டு. கியர்பாக்ஸுக்கும் தண்டுக்கும் நடுவே நாலைந்து இணைப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு புஷ். எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தால் எந்தக் கியர் எங்கே என்று ஓட்டுபவர் கனவில்தான் காண வேண்டும். புஷ் மாற்றினால் சரியாகிவிடும். பெரும்பாலானவர்கள் கியர்பாக்ஸைப் பிரித்துவிடுவார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்றைக் கறாராக முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தக் கார்கள் எதுவும் சீட் பெல்ட்டோடு வரவில்லை. பிரிட்டனில் பெல்ட் இல்லாத காரில் 3 வயதுக்குக் கீழான குழந்தையை ஏற்றுவது சட்டப்படி கூடாது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். சட்டம் கேட்காத இடத்திலும் பெல்ட் போடுவது நல்லது. ஆனால் வெறும் தகட்டில் துளையிட்டு பெல்ட் மாட்டினால் இழுக்கும்போது தகடே கிழியும். பின்புறம் தடித்த உருக்குத் தகடு வைத்துப் பற்றவைத்து, அதில் நட்டைப் பொருத்த வேண்டும்.

எந்தக் கார்

முதல் காராக வாங்குபவருக்கு எங்கள் பதில் மோரிஸ் மைனர் 1000-தான், அதாவது 1956-இல் முன்கண்ணாடி ஒரே துண்டாக மாறியபின் வந்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் காரில் அன்றைக்குக் குடும்பக் கார்களில் அரிதான ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் இருந்தது. இப்போது ஓட்டினாலும் கை சொன்னபடி வண்டி திரும்பும். பிரிட்டனில் 10 லட்சத்தைத் தொட்ட முதல் கார் என்பதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. மட்கார்டு முதல் கதவு ரப்பர் வரை புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

எஞ்சின் நான்கு வகை. 1948-இல் தொடங்கிய 918 சிசி சைடு வால்வு. 1952 முதல் ஆஸ்டினிடமிருந்து வந்த 803 சிசி ஓவர்ஹெட் வால்வு. 1956 முதல் 948 சிசி. 1962 முதல் 1098 சிசி. இதில் 803-தான் ஏமாற்றும். பெயர் புது எஞ்சின், ஆனால் பின்னச்சு விகிதம் (பின் சக்கரம் ஒரு முறை சுற்ற எஞ்சினிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்பது) 5.286 என்பதால் 60 கி.மீ. வேகத்திலேயே அலறும். 948-இல் அது 4.555, 1098-இல் 4.22. பலர் பழைய வண்டியில் 1098-ஐ மாட்டி ஓட்டுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் 1962-க்கு முந்தைய வண்டியின் முன் பிரேக் டிரம் 7 அங்குலம். 1098-உடன் வந்தது 8 அங்குலம். எஞ்சினை மாற்றியவர் பிரேக்கையும் மாற்றினாரா என்று கேளுங்கள். எஞ்சின் எண்ணின் முன்னெழுத்தே காட்டிக்கொடுக்கும்: 9எம் என்றால் 948, 10எம்ஏ என்றால் 1098.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு மைனரைவிடப் புத்திசாலித்தனமான வழி ஒன்று உண்டு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாம் வரிசைதான் இந்துஸ்தான் லேண்ட்மாஸ்டர் ஆனது. மூன்றாம் வரிசை அம்பாசடர் ஆனது. உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 வரை ஓடியதால், ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பொருந்தும் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு வைத்திருப்பவர்களே அம்பாசடர் பாகங்களைத் தேடி வாங்குவதுண்டு. 1489 சிசி பி சீரிஸ் எஞ்சின் உள்ள வண்டியாகப் பாருங்கள். ஐந்து பேரும் சாமானும் ஏறினாலும் மலைப்பாதையில் மூச்சு வாங்காது. சைடு வால்வு லேண்ட்மாஸ்டர் அழகுதான், கண்காட்சிக்கு.

ஆஸ்டின் ஏ40 டெவன் 1947-இல் வந்தது. 1200 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சின், தனிச் சேஸிஸ், வீட்டு அலமாரி மாதிரி நம்பகம். அதன் தொடக்க வண்டிகளில் முன் பிரேக் ஹைட்ராலிக், பின் பிரேக் கம்பி. இந்தக் கலப்பு பிரேக்கைச் சரியாகச் சீர்செய்யத் தெரிந்தவர் உங்கள் ஊரில் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். 1952-இல் வந்த சாமர்செட்டில் நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக். இரண்டில் ஒன்று என்றால் சாமர்செட்.

ஆஸ்டின் ஏ30, ஏ35 சிறிய கார்கள். இரண்டு பேரும் இரண்டு சிறு பிள்ளைகளும் என்றால் போதும். இவற்றிலும் பின் பிரேக் அந்தக் கலப்பு வகைதான். வண்டிக்கு அடியில் ஒற்றைச் சிலிண்டர் கம்பிகளை இழுக்கும். சேறு படிந்து அந்தச் சிலிண்டர் இறுகிவிட்டால் பின் பிரேக் வேலை செய்யாமலே வருடக்கணக்கில் ஓடியிருக்கும்; முன் பிரேக் மட்டும் பிடிப்பது ஓட்டுபவருக்கே தெரியாது.

ஸ்டாண்டர்டு வான்கார்டு 2088 சிசி. இதன் எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரின் எஞ்சினுக்கு உடன்பிறப்பு, டிரையம்ப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதுவே வேர். சிலிண்டர் லைனரைத் தண்ணீர் நேராகத் தொடும் ஈர லைனர் அமைப்பு. சிலிண்டரைக் கடைய வேண்டியதில்லை. லைனரையும் பிஸ்டனையும் செட்டாகத் தூக்கிப் புதிது போடலாம். ஆனால் லைனரின் அடியில் இருக்கும் எட்டு வடிவ கேஸ்கட் போனால் தண்ணீர் ஆயிலில் இறங்கும். ஹெட்டைக் கழற்றினால் லைனர்கள் பிளாக்கின் மட்டத்துக்கு மேலே 0.003 முதல் 0.005 அங்குலம் துருத்தி நிற்க வேண்டும். அளக்காமல் ஹெட்டை மூடியவர் கையால் ஹெட் கேஸ்கட் திரும்பத் திரும்ப ஊதும். சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை வான்கார்டைப் பூட்டித் தந்ததால் தமிழ்நாட்டில் இது தெரிந்த முகம். இருந்தும் முதல் காராக இதை வாங்கச் சொல்ல மாட்டோம். உடல் தகடுகளுக்கு மாற்று கிடைப்பது கடினம்.

1953-இன் ஸ்டாண்டர்டு எயிட் விலையைக் குறைப்பதற்காகவே செய்த கார். தொடக்க வண்டிகளில் டிக்கிக்கு வெளிக்கதவே கிடையாது. பின்சீட்டை மடித்து உள்ளிருந்தே சாமான் வைக்க வேண்டும். கண்ணாடி ஏறி இறங்காது, பக்கவாட்டில் நகரும். அதே எஞ்சின் குடும்பம் பின்னாளில் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் என்று வளர்ந்ததால் எஞ்சின் பாகங்களுக்குக் கவலையில்லை.

கான்சல் ஓட்டுவதற்கு இவை எல்லாவற்றையும்விட நவீனமாக இருக்கும். முன்னால் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக இருக்கும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். அந்த ஸ்ட்ரட்டின் மேல்முனை பொருந்தும் உள் மட்கார்டுத் தகடு துருப்பிடித்திருந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். வைப்பர் எஞ்சினின் உறிஞ்சு காற்றில் ஓடுவது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் அப்படியே நின்றுவிடும். காலைத் தூக்கினால் படபடவென்று அடிக்கும். அது பழுதல்ல, பிறவிக்குணம்.

பார்க்கப் போகும் நாள்

காந்தம் ஒன்று, அதைச் சுற்ற மெல்லிய துணி, மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், டார்ச், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, கம்ப்ரஷன் கேஜ், மல்டிமீட்டர், படுத்துப் பார்க்கப் பழைய பாய். இரண்டு மணி நேரம் வேண்டும். விற்பவரிடம் முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும்வரை எஞ்சினை எழுப்ப வேண்டாம். போனதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறைக்க ஏதோ இருக்கிறது. மழை பெய்து வண்டி நனைந்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். ஈரம் பட்ட மங்கிய பெயின்ட்கூடப் பளபளக்கும்.

வண்டியிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று கதவு இடைவெளிகளைப் பாருங்கள். மேலே குறுகி கீழே அகன்றிருந்தால் நடுவில் வண்டி தொய்ந்திருக்கிறது. துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடி, மட்கார்டின் விளிம்பு, ஹெட்லைட்டைச் சுற்றி, கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில் தகடு ஆகிய இடங்களில் நகர்த்துங்கள். பிடிக்காத இடத்தில் இருப்பது பட்டி. கை அளவுக்குப் பட்டி இருப்பது சகஜம். சில் தகடு முழுக்கப் பட்டி என்றால் அந்த வண்டி பெயின்டின் பலத்தில் நிற்கிறது.

அடுத்து கார்ப்பெட்டைத் தூக்குங்கள். விற்பவர் தயங்கினால் அதுவே பதில். மைனருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடலே சட்டம். முன்சீட்டுக்கு அடியில் குறுக்காக ஓடும் பெட்டித் தகட்டில்தான் முன் சக்கரத்தின் டார்ஷன் பாரின் (முறுக்கி ஸ்பிரிங்காக வேலை செய்யும் நீண்ட கம்பி) பின்முனை பூட்டியிருக்கிறது. அது போனால் முன் சஸ்பென்ஷன் நிற்க இடமில்லை. அதன் இரு முனைகள், முன் சட்டக் கால்கள், ஜாக்கி வைக்கும் இடம், பின் பட்டை ஸ்பிரிங்கின் மாட்டிகள் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு ‘டங்’ என்னும். கெட்டது ‘டப்’ என்று அடங்கும், சில நேரம் உள்ளே போய்விடும். துருவின் மேல் புதுத் தகட்டை ஒட்டி, அதன் மேல் இன்னொன்றை ஒட்டி அடுக்கடுக்காகப் பற்றவைத்திருப்பது அடிக்கடி காணக் கிடைக்கும். அந்த அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் தங்கித் துரு வேகமாகப் பரவும். ஒட்டுப்போட்டதைவிட ஓட்டையே மேல். ஓட்டை கண்ணுக்குத் தெரியும்.

இப்போது ஒரு சோதனை. வண்டியை ஜாக்கி இடத்தில் தூக்கி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் நிற்கும்போது சரியாக மூடிய கதவு இப்போது உரசினால் உடல் வளைகிறது. பேரமே வேண்டாம்.

தனிச் சேஸிஸ் உள்ள டெவனிலும் வான்கார்டிலும் சட்டம் பெரும்பாலும் நன்றாயிருக்கும். உடலைச் சட்டத்தோடு பிணைக்கும் கைகளும், பின் அச்சுக்கு மேலே வளையும் பகுதியும்தான் போகும். வான்கார்டில் பின் அச்சுக்குப் பின்னால் சட்டத்தின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

முன் சக்கரமும் ஸ்டியரிங்கும்

மைனரில் உயிருக்கே ஆபத்தான ஒரு இடம் உண்டு. முன் சக்கரம் திரும்பும் அச்சான ஸ்விவல் பின், கீழே ட்ரன்னியன் என்னும் மரையிட்ட துண்டில் திருகி நிற்கிறது. கிரீஸ் போடாமல் விட்டால் மரை தேய்ந்து தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிப் படுத்துவிடும். பெரும்பாலும் வண்டியை நிறுத்தத் திருப்பும்போது, மெதுவாகப் போகையில் நடக்கும் என்பது ஒன்றுதான் ஆறுதல். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் டார்ச்சோடு ட்ரன்னியனைப் பார்க்க வேண்டும். ஆட்டம் அங்கே தெரிந்தால் மாற்ற வேண்டும். ஆட்டம் சக்கரத்திலேயே என்றால் வீல் பேரிங். வாங்கியபின் 1000 மைலுக்கு, அதாவது 1600 கி.மீ.க்கு ஒருமுறை கிரீஸ். ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்து இதற்கு மாறுகிறவர்கள் கவனிக்க: ஹெரால்டின் ட்ரன்னியனுக்குக் கிரீஸ் ஆகாது, 90 கியர் ஆயில்தான். மைனருக்குக் கிரீஸ்தான்.

மைனரின் முன் ஷாக் அப்சார்பரின் கையே சஸ்பென்ஷனின் மேல் கையும்கூட. அது ஆயில் ஒழுகி, தண்டு ஆடினால் ஷாக் மட்டும் போகவில்லை, சக்கரத்தின் கோணமும் போய்விட்டது. ஸ்டியரிங் ரேக் உள்ள காரில் ஆட்டமே இருக்கக் கூடாது. பாக்ஸ் வகை ஸ்டியரிங்கில் ஸ்டியரிங் சக்கரத்தின் விளிம்பில் மூன்று, நாலு சென்டிமீட்டர் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் பாக்ஸை இறுக்கி ஏமாற்ற முடியாது. நேர்க்கோட்டில் ஆட்டம் நிற்கும், திருப்பத்தில் பிடித்துக்கொள்ளும்.

பிரேக்

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலுக்கு அடியில் சட்டக் காலுக்குள் ஒளிந்திருக்கிறது. பிரேக் எண்ணெய் ஊற்றக் கார்ப்பெட்டைத் தூக்கி மூடியைத் திறக்க வேண்டும். அதனாலேயே யாரும் திறப்பதில்லை. அதைக் கழற்ற வேண்டும் என்றால் டார்ஷன் பார் குறுக்கே நிற்கும், அதனால் கூலி கூடும். பெடலை ஒரு நிமிடம் ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் சிலிண்டருக்குள்ளேயே கசிவு. பஞ்சுபோல் இருந்தால் காற்று. பாதி தூரம் போய்க் கெட்டியானால் லைனிங் சரிசெய்தால் போதும்.

மின்சாரம்

1950-களின் பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடலோடு இணைந்திருக்கும். இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர். தெரியாமல் புது ரேடியோவோ எல்இடி விளக்கோ மாட்டினால் அன்றே தீர்ந்தது. யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருக்கிறார்களா என்று மல்டிமீட்டரால் பார்த்து, பேட்டரி மேல் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பழைய வயர்களின் ரப்பர் உறை காய்ந்து உதிரும். ஹெட்லைட்டுக்குப் பின்னாலும் டேஷ்போர்டுக்கு அடியிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். உதிர்ந்தால் முழு வயரிங்கும் மாற்ற வேண்டும்; ஒட்டுப்போட்டுத் தப்பிக்க நினைத்தால் தீப்பிடிக்கும்.

மைனரில் இக்னிஷனைப் போட்டதும், பெட்ரோலை அனுப்பும் எஸ்யு மின்பம்பு டிக்டிக்கென்று அடித்து சில வினாடியில் நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ பெட்ரோல் கசிகிறது, அல்லது கார்ப்பரேட்டரின் மிதவை வால்வு மூடவில்லை, அல்லது டாங்கில் பெட்ரோலே இல்லை.

இனி எஞ்சின்

குளிர்ந்த எஞ்சினை எழுப்பி, எழுந்த வினாடியில் புகையைப் பாருங்கள். முதலில் மட்டும் நீலப்புகை வந்து அடங்கினால் வால்வு வழிகாட்டி தேய்ந்தது. மேட்டில் இழுக்கும்போது நீலம் என்றால் பிஸ்டன் ரிங். வெள்ளைப்புகை விடாமல் வந்து, ரேடியேட்டர் மூடியில் எண்ணெய்ப் படலமும் இருந்தால் ஹெட் கேஸ்கட். சூடானபின் பிளக்குகளைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். அளவு எவ்வளவு என்பதைவிட நாலும் சமமா என்பதுதான் முக்கியம். 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

ஆஸ்டினும் மோரிஸும் சேர்ந்து உண்டான பிஎம்சியின் ஏ, பி சீரிஸ் எஞ்சின்களில் அன்று பின்பக்கக் கிராங்க் முனைக்கு ரப்பர் சீல் கிடையாது. திருகுபோல் வெட்டிய பள்ளம் ஆயிலைத் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். அதனால் கிளட்ச் உறையின் அடியில் ஒரு சொட்டு தொங்குவது இயல்பு. ஓடை ஓடினால் அது சீல் பிரச்சினையல்ல. ரிங் தேய்ந்து கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி, ஆயிலை வெளியே தள்ளுகிறது. ஆயில் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். புஸ்புஸ்ஸென்று காற்று வந்தால் சந்தேகம் உறுதி. மைனர் 1000-இல் ஆயில் அழுத்த மீட்டர் கிடையாது, விளக்கு மட்டும். விளக்கு சூட்டில் ஐடிலிங்கில் மினுங்கினால் பேரிங் செலவைக் கணக்கில் வையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மைனரின் முதல் கியரில், ஓடும்போது கியரைச் சத்தமின்றிச் சேர்க்கும் சிங்க்ரோமெஷ் இல்லை. ஓடும்போது முதல் கியர் போட்டால் கிறீச்சிடும், அது கோளாறல்ல. மூன்றாவது கியரில் வேகமெடுத்து சட்டென்று காலை எடுங்கள். கியர் துள்ளி வெளியே வந்தால் பாக்ஸைப் பிரிக்க வேண்டும். பின்னால் ஊளைச் சத்தம் இழுக்கும்போது மட்டும் வருகிறதா, விடும்போது மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். ஏதோ ஒன்றில் மட்டும் என்றால் பின் அச்சின் பற்சக்கரங்களான கிரவுன், பினியன். இரண்டிலும் ஒரேபோல் என்றால் பேரிங்காக இருக்கலாம். திரும்பி வந்து எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி எழுப்புங்கள். குளிரில் எழுந்து சூட்டில் எழாத வண்டி வெயில் ஊரில் உங்களைத் தள்ள வைக்கும்.

டயரின் பள்ளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 10 வயது தாண்டியது எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டும்.

தாளும் பெட்ரோலும்

சேஸிஸ் எண் தகட்டையும் எஞ்சின் எண்ணையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் மாறியிருந்து ஆவணத்தில் பழைய எண்ணே இருந்தால், அதைத் திருத்தும் வேலையை விற்பவரே முடித்துக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் 2021-இல் வந்த விதிப்படி 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், எண்ணில் ‘விஏ’ என்று வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட அனுமதியில்லை. பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வாங்குகிறவர் இதை யோசித்தே விண்ணப்பிக்க வேண்டும்.

இன்றைய பெட்ரோலில் ஆக்டேன் பிரச்சினையில்லை, எத்தனால்தான் பிரச்சினை. பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை, இந்தியாவில் இப்போது 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாயையும் பம்பின் டயஃப்ரத்தையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். எத்தனால் தாங்கும் ஆர்9 தரக் குழாயாக மாற்றுங்கள். ஈயமில்லாப் பெட்ரோலால் வார்ப்பிரும்பு ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை மெல்ல உள்ளிறங்கும். கண்டுபிடிக்க எளிய வழி வால்வு இடைவெளி. மைனரின் ஏ சீரிஸில் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம் வைத்து, 1500 கி.மீ. கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் குறுகிக்கொண்டே வந்தால் இருக்கை இறங்குகிறது. நிதானமாக ஓட்டுபவருக்கு இது வருடங்கள் எடுக்கும். அடுத்து ஹெட்டைக் கழற்றும்போது கடின இருக்கை போட்டால் போதும். அதற்கென்றே ஹெட்டைக் கழற்ற வேண்டாம்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம்

பிரேக்கின் ரப்பர் குழாய்கள் மூன்றையும் வெளியில் எப்படித் தெரிந்தாலும் மாற்றுங்கள். உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் பிடிக்கும், விட்டால் விடாது. பிறகு மைனரின் பிரேக்கைச் சீர்செய்யுங்கள். முன் சக்கரத்துக்கு இரண்டு அட்ஜஸ்டர், பின் சக்கரத்துக்கு ஒன்று. சக்கரம் சுற்றாத அளவுக்கு இறுக்கி, சுற்றும்வரை ஒவ்வொரு கிளிக்காக விடுங்கள். முன்னால் ஒரு அட்ஜஸ்டரை மறந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எஞ்சினில் 20டபிள்யூ-50 ஆயில், ஃபில்டரோடு சேர்த்து ஏறக்குறைய 3.7 லிட்டர். மைனரின் கியர்பாக்ஸுக்கும் எஞ்சின் ஆயில்தான். பின் அச்சுக்கு மட்டுமே 90. மெக்கானிக் பழக்கத்தில் கியர்பாக்ஸிலும் 90-ஐ ஊற்றிவிடுவார். குளிரில் கியர் ஏறாது, சில வகை 90 ஆயில்கள் உள்ளிருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கவும் செய்யும். அவர் கேனைக் கையில் எடுக்குமுன் பக்கத்தில் போய் நில்லுங்கள்.